மரத்தைச் செரிப்பது யார்? கரையான் வயிற்றுக்குள் ஒரு 140 வருஷத் தேடல்

இந்த எபிசோடில் ஒரே ஒரு கேள்விதான். கரையான் மரத்தைத் தின்னும்னு எல்லாருக்கும் தெரியும். கதவு நிலை, புத்தக அலமாரி, பரணில் மறந்துபோன அட்டைப்பெட்டி, எதையும் விடாது. சரி, தின்னுது. ஆனா தின்ன மரத்தைச் செரிக்கிறது யார்?

கேள்வி சின்னதுதான். பதிலுக்குப் பின்னாடி கிட்டத்தட்ட 140 வருஷ ஆராய்ச்சி இருக்கு. நடுவில் நாலு தடவை "இதோ, இவர்தான் அந்த ஆள்"னு கை காட்டினாங்க. நாலு தடவையும் வேற வேற ஆள். கடைசியா ஒரு ஆளைக் காட்டினப்போ, பெட்ரோலுக்கு மாற்று கிடைச்சிடும்ங்கிற நம்பிக்கையில் பெரிய பெரிய கம்பெனிகளே பணத்தைப் போட்டிருந்தாங்க. அந்தக் கதையைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

சோறும் மரமும்

முதல்ல, மரத்தைச் செரிக்கிறது ஏன் இவ்வளவு கஷ்டம்? நாம சாப்பிடுற சோற்றில் இருக்கிற ஸ்டார்ச்சும், மரத்தில் இருக்கிற செல்லுலோஸும் ரெண்டுமே குளுக்கோஸ் சங்கிலிகள்தான். சரக்கு ஒண்ணுதான், கோர்த்த விதம் வேற. ஸ்டார்ச்சின் இணைப்பை வெட்டுற வேலையை நம்ம எச்சிலே ஆரம்பிச்சிடும். செல்லுலோஸில் குளுக்கோஸ்கள் ஒண்ணு விட்டு ஒண்ணு திருப்பிப் போட்ட மாதிரி கோர்த்திருக்கும். அதனால சங்கிலிகள் நேரா நீண்டு, பக்கத்துச் சங்கிலியோட இறுக்கமா ஒட்டி, கயிறு மாதிரி ஆகிடும். அதை வெட்ட நம்ம உடம்பில் என்சைம் கிடையாது.

இது போதாதுன்னு செல்லுலோஸ் தனியாவும் இருக்காது. ஒரு கான்கிரீட் தூணை நினைச்சுக்கோங்க. உள்ளே இருக்கிற இரும்புக் கம்பி செல்லுலோஸ். கம்பிகளைச் சேர்த்துக் கட்டுற கட்டுக்கம்பி ஹெமிசெல்லுலோஸ். எல்லாத்தையும் மூடுற சிமென்ட் லிக்னின். இந்தத் தூணைத்தான் ஒரு அரிசி அளவுப் பூச்சி தினமும் பிரிச்சு மேயுது.

குடியேறிய பாம்புகள்

கதை 1870-களில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஆரம்பிக்குது. ஜோசஃப் லீடி அங்கே ஒரு மருத்துவப் பேராசிரியர். அந்தக் காலத்து ஆல்-ரவுண்டர். 1858-ல் ஹாட்ரோசாரஸ்ங்கிற டைனோசரின் எலும்புகளை விவரிச்சவர் அவர்தான். பன்றிக் கறியில் இருக்கிற புழுவைப் பற்றி எழுதினவரும் அவர்தான்.

ஒரு கல்லுக்கு அடியில் கரையான்களைப் பார்த்தவர், இதுங்க என்னதான் சாப்பிடுதுன்னு தெரிஞ்சுக்க ஒண்ணைப் பிளந்து, குடலில் இருந்ததை மைக்ராஸ்கோப்பில் வச்சார். உள்ளே மரத்தூளைவிட உயிர்கள்தான் அதிகம். நீந்துறதும் நெளியுறதும் சுழலுறதுமா, திருவிழா முடிஞ்சு கூட்டம் கலையுற மாதிரி. அதில் உடம்பு முழுக்க முடி வச்ச ஒரு ஒரு-செல் உயிரிக்கு, கிரேக்கப் புராண நிம்ஃப் தேவதைகளை நினைச்சு, டிரைக்கோநிம்ஃபான்னு 1877-ல் பேர் வச்சார்.

1881-ல் விரிவா ஒரு கட்டுரை போட்டார். அதோட தலைப்பிலேயே அவர் என்ன நினைச்சார்னு தெரிஞ்சிடும்: கரையான்களின் ஒட்டுண்ணிகள். கரையான் புற்றெடுக்க பாம்பு குடியேறின கதைன்னு நம்ம ஊர்ல சொல்லுவோமே, அதேதான். கரையான் உழைக்குது, இதுங்க உள்ளே உட்கார்ந்து ஓசியில சாப்பிடுதுங்க. அடுத்த 40 வருஷத்துக்கு இந்தப் பேரைப் பெரிசா யாரும் அசைக்கல.

முதல் ஆள்: புரோட்டோசோவா

1920-களில் லெமுவல் கிளீவ்லண்ட்னு ஒரு இளம் ஆராய்ச்சியாளர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். அவர் செஞ்ச சோதனை, என்னை மாதிரி சாஃப்ட்வேர் ஆட்களுக்கு உடனே புரியும். ஒரு சர்வீஸ் என்ன பண்ணுதுன்னு தெரியலையா? அதை நிறுத்திட்டு, எது உடையுதுன்னு பாருங்க.

கரையானைக் கொல்லாம, உள்ளே இருக்கிற புரோட்டோசோவாவை மட்டும் கொல்லணும். கிளீவ்லண்ட் மூணு வழி பிடிச்சார். 36 டிகிரி சூட்டில் ஒரு நாள் வச்சார். பட்டினி போட்டார். அழுத்தம் கூட்டின ஆக்சிஜனில் வச்சார். கடைசி வழிதான் ரொம்ப அழகானது. ஆக்சிஜன் கரையானுக்கு உயிர்மூச்சு, உள்ளே இருக்கிற புரோட்டோசோவாவுக்கோ விஷம்.

உள்ளே காலியான கரையான்களுக்கு மரத்தைக் கொடுத்தார். அதுங்க வழக்கம்போல மென்னு விழுங்கிச்சு. வயிறு நிறைய மரம் இருந்தும் சில வாரங்களுக்குள்ள செத்துப்போச்சு. அந்தப் புரோட்டோசோவாவைத் திரும்ப உள்ளே குடியேத்தினா பிழைச்சுது. பூஞ்சை ஏற்கனவே சிதைச்சு வச்ச செல்லுலோஸைக் கொடுத்தாலும் பிழைச்சுது. அப்போ கரையானுக்குக் குறைஞ்சது சாப்பாடு இல்லை, சமையல்காரர். 1924-ல் அவர் இதை வெளியிட்டப்போ, லீடியின் "ஒட்டுண்ணி" ஒரே நாளில் கூட்டாளி ஆயிடுச்சு.

இங்கே ஒரு கூடுதல் தகவல், எனக்கு ரொம்பப் பிடிச்சது. கரையான் ஒவ்வொரு தடவை தோலுரிக்கும்போதும் பின்குடலின் உள்தோலும் சேர்ந்து உரிஞ்சிடும். உள்ளே இருந்த கூட்டாளிகளும் அதோட போயிடும். திரும்ப எப்படி வாங்குறது? கூட்டில் இருக்கிற இன்னொரு கரையானின் பின்பக்கத்தில் வர்ற திரவத்தைக் குடிச்சுத்தான். கேட்கவே ஒரு மாதிரி இருக்கும். ஆனா யோசிச்சுப் பாருங்க, தனியா வாழ்ந்தா வாழ்க்கையே இல்லை. கரையான்கள் கூட்டமா வாழ ஆரம்பிச்சதுக்கே இந்தக் கட்டாயம் ஒரு காரணம்னு கிளீவ்லண்ட் காலத்திலிருந்தே சொல்லிட்டு வர்றாங்க. அவர் 1934-ல் மரம் தின்னும் ஒரு கரப்பான் இனத்திலும் இதே மாதிரி புரோட்டோசோவா இருக்குறதைக் காட்டினார். கரையான் என்பதே சமூகமா வாழப் பழகின கரப்பான்தான்னு பின்னாடி டிஎன்ஏ ஆய்வுகளும் உறுதி பண்ணிச்சு.

முடியாத கணக்கு

கேஸ் முடிஞ்சதுன்னு தோணும். ஆனா ரெண்டு இடத்தில் கணக்கு இடிச்சுது.

ஒண்ணு, ஹைட்ரஜன். டெக்சாஸில் இருந்த ராபர்ட் ஹங்கேட் 1930-களிலும் 40-களிலும் ஒரு விஷயம் காட்டினார். புரோட்டோசோவா செல்லுலோஸைப் புளிக்க வச்சு, அசிடேட், கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் மூணையும் வெளியிடுது. அசிடேட்தான் கரையானுக்குச் சாப்பாடு, நம்ம சமையல்கட்டு வினிகரின் சொந்தக்காரர். மீதி ஹைட்ரஜன் எங்கே போகுது?

ரெண்டு, நைட்ரஜன். கரையான்களை வெறும் செல்லுலோஸில் ஒரு வருஷத்துக்கும் மேல உயிரோட வச்சுக் காட்டினவரும் கிளீவ்லண்ட்தான். செல்லுலோஸில் நைட்ரஜன் துளிகூடக் கிடையாது. நைட்ரஜன் இல்லாம புரதம் இல்லை. புரதம் இல்லாம உடம்பு எங்கிருந்து வரும்?

ரெண்டு கணக்கையும் தீர்த்து வச்சது பாக்டீரியா. அமெரிக்காவில் ஜான் பிரெஸ்னாக்கும் கூட இருந்தவங்களும் 1973-ல், கரையான் குடலில் காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பிடிக்கிற வேலை நடக்குதுன்னு காட்டினாங்க. பாக்டீரியாவைக் கொல்ற மருந்து கொடுத்தா அந்த வேலை நின்னுபோச்சு. 1986-ல், ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்துத் திரும்பவும் அசிடேட்டா மாத்துற பாக்டீரியா இருக்குன்னும், கரையானின் எரிசக்தித் தேவையில் மூணில் ஒரு பங்கு வரைக்கும் இதிலிருந்தே வரலாம்னும் காட்டினாங்க. சமையலில் வீணாகும் ஆவியைக்கூடப் பிடிச்சு இன்னொரு சாப்பாடு!

இதைச் செய்றது யார்னு தெரிய 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்பைரோகீட்னு ஒரு வகை பாக்டீரியா, கார்க் ஸ்க்ரூ மாதிரி சுருள் உடம்பு. சிபிலிஸ் நோயை உண்டாக்குற ட்ரெப்போனிமா இருக்கே, அதே பேரினம். இந்தச் சுருள்களை லீடியே பார்த்திருந்தார். ஆனா ஆய்வகத்தில் தனியா வளர்க்க நூறு வருஷத்துக்கும் மேல யாராலும் முடியல. ஜாரெட் லெட்பெட்டர், பிரெஸ்னாக் குழு 1999-ல் அதைச் சாதிச்சுது. ஹைட்ரஜனிலிருந்து அசிடேட் செய்றது இவங்கதான். நைட்ரஜனையும் இவங்க பிடிக்கிறாங்கன்னு 2001-ல் தெரிஞ்சுது.

இன்னொரு வேடிக்கை கேளுங்க. ஆஸ்திரேலியாவின் டார்வின் பக்கத்துக் கரையான் ஒண்ணுக்குள்ள மிக்ஸோட்ரைக்கான்னு ஒரு புரோட்டோசோவா இருக்கு. உடம்பு முழுக்க முடி அசைஞ்சு நீந்தும். 1964-ல் கிளீவ்லண்டும் கிரிம்ஸ்டோனும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தா, அந்த முடியில் பெரும்பகுதி முடியே இல்லை. வெளியே ஒட்டிக்கிட்டுத் துடுப்புப் போடுற ஸ்பைரோகீட்கள்! கரையானுக்குள்ள புரோட்டோசோவா, அந்தப் புரோட்டோசோவாவை ஓட்ட பாக்டீரியா.

ரெண்டாவது ஆளும் மூணாவது ஆளும்

இதைவிடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருந்தது. உலகத்தில் சுமார் 3,000 கரையான் இனங்கள். அதில் பெரும்பாலானதுக்கு, நம்ம ஊரில் ஆள் உயரப் புற்றுக் கட்டுற வகைகளையும் சேர்த்து, குடலில் மரம் செரிக்கிற இந்தப் புரோட்டோசோவாவே கிடையாது. பரிணாமத்தில் தொலைச்சிடுச்சு. அப்போ அதுங்களுக்கு யார் சமைக்கிறாங்க?

இதுக்கு ஒரு துப்பு 18-ஆம் நூற்றாண்டிலேயே தமிழ்நாட்டில் கிடைச்சிருந்தது. தரங்கம்பாடி டேனிஷ் மிஷனுக்கு 1768-ல் மருத்துவரா வந்தவர் ஜோஹான் கெர்ஹார்ட் கோனிக். லின்னேயஸின் மாணவர். அவர் இங்கே புற்றுகளைப் பிரிச்சுப் பார்த்து, உள்ளே பூஞ்சை வளருவதைப் பற்றி எழுதின கட்டுரை 1779-ல் பெர்லினில் வெளிவந்தது. மழைக்குப் பிறகு புற்றில் முளைக்கிற புற்றுக்காளான் இருக்கே, அது அந்தப் பூஞ்சையின் வெளிமுகம்தான்.

1978-ல் மைக்கேல் மார்ட்டின், ஜோன் மார்ட்டின் ரெண்டு பேரும் ஆப்பிரிக்கக் கரையான் ஒண்ணில் இதன் அர்த்தத்தைச் சொன்னாங்க. கரையான் பூஞ்சையைச் சாப்பிடும்போது, செல்லுலோஸை வெட்டுற அதோட என்சைம்களும் சேர்ந்து உள்ளே போகுது. ஆக, ரெண்டாவது ஆள் பூஞ்சை. ஆனா பூஞ்சைத் தோட்டமே போடாத இனங்களும் ஏராளம். அங்கே என்ன பதில்?

சிட்னியில் மைக்கேல் ஸ்லேட்டர் 1992-ல் ஒரு துணிச்சலான வாதம் வச்சார்: கரையானுக்குத் தன் சொந்த என்சைமே போதும், நுண்ணுயிர்களை இதுக்கு நம்ப வேண்டியதில்லை. 1998-ல் ஜப்பானின் வாட்டனாபே குழு, செல்லுலோஸை வெட்டும் ஒரு ஜீன் கரையானின் சொந்த டிஎன்ஏவிலேயே இருக்குன்னு நேச்சர் இதழில் வெளியிட்டாங்க. மூணாவது ஆள் கரையானேதான்! விலங்குகளால் செல்லுலோஸை வெட்டவே முடியாதுங்கிற பழைய பாடம் அதோட காலாவதி.

நாலாவது ஆள், பெரிய பணம்

இப்போ 2006-க்கு வாங்க. எண்ணெய் விலை ஏறிக்கிட்டிருக்கு. அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் நாடாளுமன்ற உரையில், மரத்துண்டு, தண்டு, புல்லிலிருந்து எத்தனால் எடுக்கிறதை 6 வருஷத்தில் சாத்தியமாக்குவோம்னு அறிவிக்கிறார். சோளத்திலிருந்து எடுத்தா சாப்பாட்டோட போட்டி. வைக்கோலிலிருந்து எடுத்தா யாருக்கும் நஷ்டமில்லை. தடையா நிற்கிறது அந்தக் கான்கிரீட் தூண் மட்டும்தான். அதைப் பிரிக்கத் தெரிஞ்சவர் யார்? எல்லார் கண்ணும் கரையான் பக்கம் திரும்பிச்சு.

அமெரிக்க எரிசக்தித் துறையின் ஜீனோம் மையம், கால்டெக், கோஸ்டா ரிக்காவின் பல்லுயிர் நிறுவனம், என்சைம் தயாரிக்கிற ஒரு கம்பெனி, எல்லாரும் சேர்ந்து கோஸ்டா ரிக்காவில் மரத்தில் கூடு கட்டும் நாசூட்டிடெர்மிஸ் கரையான்களைப் பிடிச்சாங்க. இதுக்கு உள்ளே புரோட்டோசோவாவும் இல்லை, பூஞ்சைத் தோட்டமும் இல்லை. 165 வேலைக்காரக் கரையான்களின் பின்குடலிலிருந்து திரவத்தை எடுத்தாங்க. ஒரு கரையானுக்கு ஒரு மைக்ரோலிட்டர் கணக்கில்தான் கிடைக்கும். அதில் இருந்த எல்லா பாக்டீரியாவின் டிஎன்ஏவையும் மொத்தமா வாசிச்சாங்க. நூறு பேர் எழுதின கோடை ஒரே ஃபோல்டரில் கொட்டி, யார் எழுதினதுன்னு தெரியாமலே, எந்தெந்த ஃபங்ஷன் இருக்குன்னு தேடுற மாதிரி.

2007 நவம்பரில் நேச்சரில் முடிவு வந்தது. சுமார் 7 கோடி டிஎன்ஏ எழுத்துகள். அதில் சர்க்கரைச் சங்கிலிகளை வெட்டும் என்சைம் பகுதிகள் 700-க்கு மேல. சொந்தக்காரர்கள் முக்கியமா ரெண்டு கூட்டம். ஒண்ணு நம்ம பழைய ஸ்பைரோகீட். இன்னொண்ணு ஃபைப்ரோபாக்டர் கூட்டம், மாட்டு வயிற்றில் நார் செரிக்கிற பாக்டீரியாவின் உறவுக்காரங்க. நாலாவது ஆள் பாக்டீரியா!

அடுத்த மாசமே அமெரிக்காவில் சட்டம் வந்தது. 2022-க்குள்ள வருஷத்துக்கு 1,600 கோடி காலன், அதாவது சுமார் 6,000 கோடி லிட்டர், நார் எரிபொருள் வரணும்னு இலக்கு வச்சாங்க.

என்ன ஆச்சு? 2022-ல் அந்த இலக்கில் ரொம்பச் சின்னப் பங்குதான் வந்தது. அதிலும் பெரும்பகுதி எத்தனாலே இல்லை, குப்பைக் கிடங்கு மாதிரியான இடங்களிலிருந்து பிடிச்ச எரிவாயு. அந்த ஆய்வில் பங்கெடுத்த என்சைம் கம்பெனி, தன் நார் எத்தனால் தொழிலை 2010-ல் எண்ணெய் நிறுவனமான பிபிக்கு 9.8 கோடி டாலருக்கு வித்தது. பிபியும் ஃபுளோரிடாவில் கட்ட இருந்த ஆலையை 2012-ல் கைவிட்டது. நார் உடைக்கிற தொழிலில் ஓரளவு நிலைச்ச என்சைம்களுக்கு மூலம் கரையானே இல்லை. இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரத் துணியை மக்க வச்ச ட்ரைக்கோடெர்மாங்கிற பூஞ்சைதான்.

ஒரு துளியில் ஒரு ஊர்

ஏன் நடக்கல? வைக்கோலைத் திரட்டுற செலவு, எண்ணெய் விலை, இப்படி வெளிக் காரணங்கள் நிறைய. ஆனா கரையான் பக்கம் இருந்து பார்த்தா, கேள்வியே கொஞ்சம் கோணல்.

நாம "யார்"னு கேட்டோம். ஒவ்வொரு தடவையும் ஒரு ஆளைப் பிடிச்சோம். ஆனா கரையானின் குடல் ஒரு ஆள் செய்ற வேலை இல்லை, ஒரு வரிசை. முதல்ல தாடையும் அரைப்பையும் மரத்தை நுண்ணிய தூளா அரைக்குது. அப்புறம் கரையானின் சொந்த என்சைம் கைக்கு எட்டுற செல்லுலோஸை வெட்டுது. பின்குடலில் பாக்டீரியா மிச்சத்தை எடுத்துக்குது. அங்கேயும் வேலைப் பிரிவினை இருக்கு. ஜப்பானின் டோக்குடாவும் ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் புரூனும் சேர்ந்த குழு 2018-ல் காட்டினபடி, நாசூட்டிடெர்மிஸ் குடலில் மரநாரிலேயே ஒட்டிக்கிட்டு ஹெமிசெல்லுலோஸை, அந்தக் கட்டுக்கம்பியை, அவிழ்க்கிற முக்கியமான ஆட்கள் ஸ்பைரோகீட்கள்தான். லீடி பார்த்த அதே சுருள்கள். இந்த இனங்களோட மூதாதைகள் புரோட்டோசோவாவைத் தொலைச்ச பிறகு, காலியான நாற்காலியில் பாக்டீரியா வந்து உட்கார்ந்திருக்கு.

இன்னொண்ணு, அளவு. 1995-ல் புரூன், பிரெஸ்னாக் குழு மெல்லிய சென்சாரைக் கரையான் குடலுக்குள்ள நுழைச்சு ஆக்சிஜனை அளந்தாங்க. ஒரு மில்லிமீட்டர் அகலக் குடல். ஓரத்தில் 0.2 மில்லிமீட்டர் வரைக்கும் ஆக்சிஜன் உள்ளே வருது, அங்கே இருக்கிற பாக்டீரியா அதைக் குடிச்சுத் தீர்த்துடுது. நடுவில் ஆக்சிஜனே இல்லை. ஒரே துளியில் ரெண்டு தட்பவெப்பம், ரெண்டு வகை ஊர்க்காரங்க. இதைப் பல லட்சம் லிட்டர் தொட்டியாப் பெரிசாக்கினா, ஓரமும் நடுவும் இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் இருக்காது. "என் மெஷின்ல ஓடுதே"ன்னு நாம சொல்லுவோமே, கரையான் அதை அதிகாரபூர்வமா சொல்லலாம். அதோட மெஷின் ஒரு மைக்ரோலிட்டர்.

700 என்சைம் பகுதிகளின் பட்டியல் பொய்யில்லை. ஆனா பட்டியல் ஒரு உதிரிபாகக் கடை. ஓடுற வண்டி வேற.

இந்தக் கதை நமக்கு ஏன் முக்கியம்? 2022 ஆகஸ்டில் ஹரியானாவின் பானிபட்டில் இந்தியன் ஆயில் 900 கோடி ரூபாய்க்கு மேல போட்டு ஒரு ஆலை திறந்தது. வருஷத்துக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து சுமார் 3 கோடி லிட்டர் எத்தனால் எடுக்கணும்கிறது திட்டம். அறுவடை முடிஞ்சதும் வட இந்திய வயல்களில் எரிக்கிற அதே வைக்கோல். டெல்லியின் குளிர்காலக் காற்றில் கலக்கிற புகைக்கு அதுவும் ஒரு காரணம். அதாவது, அந்தத் தூணை மலிவா பிரிக்கத் தெரியுமாங்கிற கேள்வி இன்னும் உயிரோட இருக்கு, அதுக்குப் பதில் கிடைக்காத வரைக்கும் சில ஊர்களில் மூச்சு விடுறது கஷ்டம்.

அடுத்த தடவை யாராவது "ஒரு அதிசய பாக்டீரியா கண்டுபிடிச்சாச்சு, பிளாஸ்டிக்கைத் தின்னும், வைக்கோலைப் பெட்ரோல் ஆக்கும்"னு ஃபார்வர்டு அனுப்பினா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: அது எங்கே, யார் யாரோட சேர்ந்து அந்த வேலையைச் செய்யுது? அந்தக் கேள்வியைக் கேட்கக் கத்துக்கத்தான் நமக்கு 140 வருஷம் ஆகியிருக்கு.

இந்த எபிசோட் பிடிச்சிருந்தா, வீட்டுக் கதவு நிலையைக் கரையானுக்குப் பறிகொடுத்த நண்பர் ஒருத்தருக்கு அனுப்புங்க. கொஞ்சமாவது ஆறுதலா இருக்கும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.